உயிருள்ளது எது, உயிரற்றது எது? உயிரியல் தொடங்குவோருக்கான கேள்வி பதில்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளைக் கூடியவரை இந்தக் கரையோரத்திலிருந்தே எடுத்திருக்கிறோம். பனிக்கரடியைப் படத்தில்தான் பார்க்க முடியும்; கண்டல் மரத்தைப் பிச்சாவரத்தில் படகேறிப் போய்ப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

உயிரியல் என்றால் என்ன?

உயிருள்ளவற்றின் அமைப்பு, இயக்கம், தோற்றம், உறவு ஆகியவற்றை ஆராயும் அறிவியல். ‘பயாலஜி’ என்ற சொல்லை இன்றைய பொருளில் 1802இல் பிரான்சின் லமார்க்கும் ஜெர்மனியின் டிரெவிரானசும் தனித்தனியே பயன்படுத்தினார்கள். அதுவரை செடியை ஆராய்பவர் ஒருவர், விலங்கை ஆராய்பவர் இன்னொருவர். இரண்டுக்கும் அடியில் ஒரே வேலை நடக்கிறது என்ற எண்ணம்தான் அந்தச் சொல்லோடு வந்தது. 1838, 1839இல் ஷ்லைடனும் ஷ்வானும் செடி, விலங்கு இரண்டுமே செல்களால் ஆனவை என்று சொன்ன பிறகு அந்த எண்ணத்துக்குக் கால் கிடைத்தது.

ஏழு பண்புகளை மனப்பாடம் செய்தால் போதாதா?

இயக்கம், ஊட்டம், சுவாசம், கழிவுநீக்கம், வளர்ச்சி, உறுத்துணர்ச்சி (தூண்டினால் எதிர்வினை காட்டுவது), இனப்பெருக்கம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் இது இலக்கணம் அல்ல, சோதனைப் பட்டியல். ஒவ்வொரு பண்பையும் தனியாக எடுத்தால் ஏதாவது ஓர் உயிரில்லாப் பொருள் அதில் தேறிவிடும். ஏதாவது ஓர் உயிர் அதில் தோற்றுவிடும். அடுப்புத் தீ ஆக்சிஜனை எடுக்கிறது, பெரிதாகிறது, பரவுகிறது, சாம்பலைக் கழிக்கிறது. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. தீக்கு உயிர் இல்லை, கழுதைக்கு உண்டு.

எனவே பட்டியலோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். செல் இருக்கிறதா? அந்தச் செல்லுக்குள் வளர்சிதை மாற்றம் நடக்கிறதா, அதாவது பொருளைச் சேர்த்துக் கட்டுவதும் உடைத்து ஆற்றல் எடுப்பதும் ஒன்றாக நடக்கின்றனவா? தன்னை உருவாக்கும் செய்முறை டிஎன்ஏ வடிவில் உள்ளே எழுதப்பட்டிருக்கிறதா? தீயை இந்த மூன்றும் வெளியே தள்ளிவிடும்; கழுதையை உள்ளே வைத்துக்கொள்ளும்.

மரக்காணம் உப்பளத்தில் உப்புப் படிகமும்தான் வளர்கிறது. அது வளர்ச்சி இல்லையா?

வளர்கிறதுதான். ஆனால் எங்கிருந்து வளர்கிறது என்று பாருங்கள். பாத்தியில் நீர் ஆவியாக ஆக, கரைசலில் இருக்கும் அதே உப்பு படிகத்தின் வெளிப்புறத்தில் படிகிறது. உப்புக்கு உப்புதான் சேர வேண்டும். ஆட்டுக்குட்டி புல்லைத் தின்று புல்லாகப் பெருப்பதில்லை. புல்லை உடைத்து, வேறு பொருளாக மாற்றி, உள்ளிருந்து ஆட்டுத் தசையாகக் கட்டுகிறது. செல் பெருகுவதும் பெரிதாவதும் உள்ளே நடப்பவை. படிகத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்து, காய வைத்தால் மறுபடி படிகமாகும். ஆட்டுக்கு அந்த வசதி கிடையாது.

மரம் நகர்வதில்லையே, இயக்கம் எங்கே?

இடப்பெயர்ச்சி வேறு, இயக்கம் வேறு. மரம் இடம் மாறுவதில்லை. ஆனால் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது, வேர் கீழ்நோக்கிப் போகிறது, இலைத்துளை திறந்து மூடுகிறது. பொறுமை இல்லாதவர்கள் தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்க்கலாம். இலைக்காம்பின் அடியில் ஒரு சிறு புடைப்பு உண்டு. தொட்டதும் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காற்று இறங்கிய டியூப் போல அந்தப் பக்கம் தொய்ந்துவிட, இலை மடிகிறது. நிமிர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் மடிவது குறையும். செடி செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

சுவாசமும் மூச்சுவிடுதலும் ஒன்றுதானே?

இந்த ஒரு குழப்பத்தில்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். மூச்சுவிடுதல் என்பது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும் வேலை. அதற்கு நுரையீரலோ செவுளோ வேண்டும். சுவாசம் செல்லுக்குள் நடப்பது: குளுக்கோஸை உடைத்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிப்பது. மூக்கே இல்லாத செடியும் ஈஸ்ட்டும் சுவாசிக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமலும் சில உயிர்கள் சுவாசிக்கும். ஆற்றல்தான் குறைவாகக் கிடைக்கும்.

செடி பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று எழுதுவதும் தவறு. சுவாசம் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் ஆக்சிஜன் மிச்சமாகி வெளியே வருகிறது.

இதை இறால் குட்டை வைத்திருப்பவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பகலில் குட்டையில் இருக்கும் பாசி ஆக்சிஜனைத் தருகிறது. பொழுது சாய்ந்ததும் பாசி, இறால், அடிச்சேற்றுப் பாக்டீரியா எல்லாமே எடுப்பவர்கள்தான், கொடுப்பவர் யாருமில்லை. நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தவிக்கத் தொடங்கும். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரவு முழுக்க ஓடுவது இதற்குத்தான். குட்டை பச்சையாக இருந்தால் ஆக்சிஜன் நிறைய என்று நம்பி இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்துபவர்களுக்குக் காலையில் கரையோரம் ஒதுங்கிய இறால்தான் மிஞ்சும்.

முளைவிதை சுவாசிக்கிறது என்று வீட்டிலேயே காட்ட முடியுமா?

முடியும். 100 கிராம் பச்சைப்பயறு, மூடி இறுக்கமான மூன்று அகல வாய் பாட்டில்கள், மூன்று சின்னக் கிண்ணங்கள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. இவ்வளவுதான்.

முதல் நாள் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி மூடி வையுங்கள். மறுநாள் மேலே தெளிந்திருப்பதை மட்டும் ஆடாமல் இறுத்தால் அதுவே சுண்ணாம்பு நீர். கையில் பட்டால் எரிச்சல் தரும்; கண்ணில் படவே கூடாது. பயற்றை 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி முளை எட்டிப்பார்க்கும்வரை விடுங்கள். பாதியை 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். முதல் பாட்டிலில் முளைப்பயறு, இரண்டாவதில் வெந்த பயறு, மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு நீர் வைத்து மூடுங்கள். 6 முதல் 8 மணி நேரத்தில் முதல் பாட்டிலின் கிண்ணத்தில் வெள்ளை ஏடு படியும். அது கால்சியம் கார்பனேட். பயறு விட்ட கார்பன் டைஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்ததால் வந்தது.

செய்து பார்த்தேன், வெந்த பயறு பாட்டிலிலும் ஏடு வந்துவிட்டதே?

ஒரு நாளுக்கு மேல் விட்டிருப்பீர்கள். வெந்த பயறு செத்துவிட்டது, ஆனால் அதன் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறிவிடும், சுவாசிப்பது அவை. பள்ளி ஆய்வகத்தில் அந்தப் பயற்றின் மேல் கொஞ்சம் ஃபார்மலின் விடுவது இதற்காகத்தான். வீட்டில் அது வேண்டாம், 8 மணி நேரத்துக்குள் முடிவைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று பாட்டிலிலும் ஏடு வந்தால் மூடி இறுக்கமில்லை, அல்லது மூடும்போது கிண்ணத்தின் மேல் மூச்சு விட்டிருக்கிறீர்கள். நாம் வெளிவிடும் காற்றில் கார்பன் டைஆக்சைடு ஏறக்குறைய 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04 சதவீதம்தான். எதிலுமே வரவில்லை என்றால் சுண்ணாம்பு பழையது. திறந்து கிடந்த டப்பாவில் அது முன்பே கார்பனேட்டாக மாறியிருக்கும். பயற்றுக்குப் பதில் பச்சை இலையை வைத்து வெளிச்சத்தில் வைப்பவர்களுக்கும் ஏடு வராது. காரணம் மேலே இருக்கிறது.

உலர்ந்த விதைக்கு உயிர் இருக்கிறதா?

இருக்கிறது, உறங்குகிறது. நீர் குறைந்த நிலையில் வளர்சிதை மாற்றம் மிக மெதுவாகிவிடும். இஸ்ரேலின் மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் முளைக்க வைத்தார்கள்.

எல்லா விதையும் இப்படித் தூங்காது. பண்ருட்டிக்காரர்களுக்கு இது தெரியும்: பலாக்கொட்டையைக் காயவைத்தால் செத்துப்போகும். அது ஈரத்தோடு இருக்கும்போதே, பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். முந்திரிக்கொட்டை காய்ந்தாலும் தாங்கும். விதைக்கு எடுக்கும்போது தண்ணீரில் போட்டு, மூழ்குவதை வைத்துக்கொண்டு மிதப்பதைக் கழிப்பார்கள்; மிதப்பதில் பருப்பு சரியாக நிறைந்திருக்காது.

முளைக்கவிடாமலே உயிரைச் சோதிக்க ஆய்வகத்தில் டெட்ரசோலியம் கரைசல் உண்டு. ஊறிய விதையை நெடுக வெட்டி 1 சதவீதக் கரைசலில் வைத்தால், சுவாசிக்கும் திசு சிவப்பாகும், செத்த திசு வெள்ளையாகவே நிற்கும். வீட்டில் அதைவிட எளிது ஈரத்துணி: 100 விதை வைத்து, முளைத்ததை எண்ணினால் அதுவே சதவீதம்.

இட்லி மாவு உயிருள்ளதா?

மாவு உயிரில்லை, அதில் வாழ்பவை உயிர். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டி வரும் பாக்டீரியாக்கள், முக்கியமாக லியூகோனோஸ்டாக், மாவிலுள்ள சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலமும் கார்பன் டைஆக்சைடும் விடுகின்றன. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏழு பண்புகளில் ஊட்டம், சுவாசம், கழிவு, வளர்ச்சி, பெருக்கம் என ஐந்தையும் ஒரே பாத்திரத்தில் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை.

கடலூர் வெயில் காலத்தில் 6 மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு மார்கழியில் 12 மணி நேரம் இழுக்கும். மிக்ஸியில் விடாமல் அரைத்தால் மாவு சூடேறி பாக்டீரியா அடிபடும். அதனால்தான் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்வார்கள். ஃபிரிட்ஜ் அவற்றைக் கொல்வதில்லை, மெதுவாக்குகிறது. கொல்வது இட்லிப்பானை.

பெருக்கத்தின் வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. நல்ல சூழலில் இ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்றே ஒன்றில் தொடங்கினால் 8 மணி நேரத்தில் 24 முறை இரட்டிப்பு, 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். உண்மையில் உணவு தீரும், அமிலம் ஏறும், வேகம் விழும். மாவு பாத்திரத்தோடு நிற்பது அதனால்தான்.

அரிசி மூட்டையில் வண்டு தானாகத்தானே வருகிறது?

இல்லை. உயிர் உயிரிலிருந்துதான் வரும். பெண் வண்டு அரிசியில் மூக்கால் சிறு துளை போட்டு, ஒரு முட்டை வைத்து, பசை போன்ற சுரப்பால் அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நான்கைந்து வாரத்தில் வண்டாக வெளியே வருகிறது. மூடிய டப்பாவிலும் வண்டு வரக் காரணம், முட்டை அரிசியோடு வந்ததுதான். கொஞ்சமாக வாங்கும் அரிசியை நான்கைந்து நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும்.

இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று இத்தாலியின் ரெடி 1668இல் காட்டினார்: துணி மூடிய ஜாடியில் ஈ உட்கார முடியவில்லை, புழுவும் இல்லை. நுண்ணுயிரிகளுக்கும் அப்படித்தான் என்று பாஸ்டர் 1860களின் தொடக்கத்தில் அன்னப்பறவைக் கழுத்துக் குடுவையால் நிறுவினார்.

கோவேறு கழுதை, வேலைக்காரத் தேனீ, விதையில்லா வாழை: இவை இனப்பெருக்கம் செய்வதில்லையே?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62; இரண்டுக்கும் பிறந்த கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை எண் என்பதால் இனச்செல் உருவாகும்போது ஜோடி சேர முடியாமல் குழம்புகிறது. ஆனால் அதன் தோல் செல் பிரிகிறது, காயம் ஆறுகிறது. செல் அளவில் பெருக்கம் உண்டு. தேனீக்கும் அதே பதில். வாழை வேறு கதை: விதை இல்லையே தவிர, பக்கக்கன்று விடுகிறது. அது பாலிலா இனப்பெருக்கம்.

வைரஸ் எந்தப் பக்கம்?

எல்லையில் நிற்கிறது. செல் இல்லை, சொந்தமாக வளர்சிதை மாற்றம் இல்லை, ஆனால் மரபுப்பொருள் உண்டு. இன்னொரு செல்லுக்குள் புகுந்தால் பெருகும், மாறவும் செய்யும். புகையிலைத் தேமல் வைரஸை 1935இல் ஸ்டான்லி படிகமாக்கி எடுத்தார். உப்பைப் போலப் படிகமான ஒன்று செடியில் தேய்த்ததும் மறுபடி நோய் தந்தது. ‘செல்லுக்கு வெளியே உயிரற்றதுபோல, உள்ளே உயிருள்ளதுபோல’ என்று எழுதுவதே நேர்மையான விடை.

வயலில் இதற்குப் பொருள் உண்டு. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை. பூஞ்சைக்குச் செல் உண்டு, மருந்து அதைத் தாக்கும். வைரஸ் செடியின் செல்லுக்குள் செடியின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது. நோய் கண்ட செடியைப் பிடுங்குவதும், அதைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

கடற்கரைக் கிளிஞ்சல் உயிருள்ளதா, உயிரற்றதா? திருவக்கரைக் கல்மரம்?

‘உயிரற்றது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன: ஒருபோதும் உயிர் இல்லாதது, உயிர் இருந்து போனது. கிளிஞ்சல் இரண்டுக்கும் நடுவில். அதைச் சுரந்தது உயிர்; ஆனால் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஓட்டின் மேலிருக்கும் வரிகள் வளர்ச்சியின் தடம்.

புதுச்சேரியிலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது திருவக்கரைக் கல்மரப் பூங்கா. அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். அவை புதைந்திருந்த பாறைக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரப்பொருள் போய்விட்டது, அமைப்பு மிஞ்சியது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் நடந்தது நேர்மாறு: தாவரத்தின் கார்பன் மிஞ்சியது, உருவம் பெரும்பாலும் அழுந்திப்போனது. கல்மரத் துண்டை நினைவுக்கு எடுத்து வர வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

தகவமைப்பு, உடல் சமநிலை: இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

தகவமைப்பு தலைமுறை தலைமுறையாக வந்தது. சமநிலை இந்த நிமிடம் நடப்பது. பிச்சாவரத்தில் இரண்டையும் ஒரே மரத்தில் காணலாம். சேற்றில் காற்று இல்லை, அதனால் வெண்கண்டல் பென்சில் நட்டதுபோல வேர்களை மேல்நோக்கி நீட்டியிருக்கிறது. இவை சுவாச வேர்கள், தகவமைப்பு. வேர் வழியே வந்த உப்பை இன்றைக்கு இலைச் சுரப்பி வழியே வெளியேற்றுவது சமநிலை. வெயிலில் இலையை உற்றுப் பார்த்தால் உப்புத் துகள் மின்னும். பக்கத்திலேயே நிற்கும் சுரபுன்னை வேறு வழி பிடித்தது: உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிய பிறகுதான் விழும்.

நம் உடம்பில் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அக்னி நட்சத்திரம் போதும். உடல் 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கப் பார்க்கிறது, வேர்வை சுரக்கிறது. வேர்வை வழிவதால் அல்ல, ஆவியாவதால்தான் குளிர்ச்சி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது மெதுவாகிறது. அதே வெப்பநிலையில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிட இங்கே புழுக்கம் தாங்காததற்குக் காரணம் இதுதான்.

தென்னை, புன்னை என்று தமிழில் பெயர் இருக்கும்போது அறிவியல் பெயர் எதற்கு?

தென்னையில் சிக்கல் இல்லை. புன்னை என்பது கலோஃபில்லம் இனோஃபில்லம். பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பது ரைசோஃபோரா, இரண்டும் வெவ்வேறு குடும்பம். வேறு ஊரில் சுரபுன்னை என்று வேறொரு மரத்தைச் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஸ்வீடனின் லின்னேயஸ் பரப்பிய இருசொல் பெயர். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் மரங்களில் மாட்டியிருக்கும் பலகைகளைப் படித்துப் பழகலாம்.

வெங்காயத் தோலில் செல் தெரியவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் தோல் தடிமன். வெங்காயத்தை நாலாக வெட்டி, ஓர் இதழின் உட்குழிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வை மட்டும் இடுக்கியால் உரியுங்கள். அரை சென்டிமீட்டர் சதுரம் போதும். கண்ணாடித்தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் சவ்வை மடிப்பில்லாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் அல்லது சாஃப்ரனின், இரண்டு நிமிடம் பொறுத்து மிகுதிச் சாயத்தை ஒற்றியெடுங்கள். மூடுவில்லையை ஒரு விளிம்பு முதலில் படும்படி 45 டிகிரி சாய்த்து இறக்குங்கள். மேலிருந்து பொத்தென்று வைத்தால் காற்றுக்குமிழி மாட்டும். கறுத்த கரையோடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது செல் இல்லை, குமிழி.

முதலில் 10 மடங்குப் பொருளருகு லென்ஸ். தெளிந்த பிறகே 45. அந்த லென்ஸில் பெரிய திருகைத் தொட்டால் மூடுவில்லை உடையும், லென்ஸும் கீறும். 10 மடங்கில் தெரியும் வட்டத்தின் குறுக்களவைப் பிளாஸ்டிக் அளவுகோல் வைத்துப் பாருங்கள்; பல கருவிகளில் 1.8 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அதன் குறுக்கே நீளவாக்கில் 6 செல் அடங்கினால் ஒன்றின் நீளம் 0.3 மில்லிமீட்டர். பச்சையம் தேடாதீர்கள், மண்ணுக்குள் இருந்த இதழில் அது இருக்காது.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் பனிமூட்டமாக, சிலந்தி வலை போன்ற இழைகளோடு தெரிகிறதா? லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் மரப்பெட்டிக்குள்ளேயே வைத்த மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை வளர்ந்துவிடும்; லென்ஸில் படிந்த தூசியும் கைரேகை எண்ணெயும் அதற்குப் போதுமான சாப்பாடு. பெட்டிக்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நீல நிற வகை ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும்; சூடாக்கி உலர்த்தி நீலம் திரும்பியதும் மறுபடி உள்ளே போடலாம்.